கடைசி ஸ்டாப்புக்கு மூணு சீட்டு

நேற்று போனில் நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சின்னாச்சி வீட்டு வாசலில் வெடிச் சத்தம். பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதி இதுதான்: அப்பா, அதாவது நான், சின்னப் பையனாக இருந்தபோது தன் சொந்த ஊர் கொமரலிங்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாராமே, ஆச்சி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களே, அது நிஜமா?

நிஜம்தான். எழுதி வைக்கிறேன். வந்து படியுங்கள்.

இங்கே அருள்புரத்தில் நம் காம்பவுண்டில் இப்போது நான் ஒருவன்தான். தீபாவளி லீவில்தான் நிட்டிங் மிஷின்களை நிறுத்தி சர்வீஸ் பார்க்க முடியும் என்பதால் உங்களோடு வர முடியவில்லை. காலையில் போனால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. வந்து குளித்துவிட்டு ஒரு அரிசிபருப்பு சாதம் வைக்கிறேன். சின்ன வெங்காயம் உரிப்பது ஒன்றுதான் அதில் பெரிய வேலை. ஒரு ஆளுக்கு அளந்து போடக் கை பழகவில்லை, அதனால் ராத்திரிக்கும் அதுவே, தயிர் ஊற்றி. பக்கத்து வீட்டுச் சாவிகளெல்லாம் நம் டிவிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தண்ணீர் விடுகிற நாளில் எல்லார் டிரம்மையும் நிரப்பி வைக்க வேண்டியது என் பொறுப்பு. குறை ஒன்றும் இல்லை. தட்டு முன்னால் உட்காரும்போது, நீங்கள் அங்கே அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உடனே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அது ஏன் என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

நான் நாலாம் வகுப்பு படித்தபோதும் இதே அருள்புரம்தான். வேறு ஒரு லைன் வீடு. வரிசையாகக் குடியிருந்த எல்லாரும் பனியன் கம்பெனிக்காரர்கள், பாதிப் பேர் மதுரைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, ஓவர்லாக் டெய்லர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங். அவர்களும் தூத்துக்குடிப் பக்கம்தான் என்பது பேச்சைக் கேட்டாலே தெரியும். நான் வீட்டுக்குள் ஒரு பேச்சும், வாசலைத் தாண்டினால் 'ஏனுங்க, வாங்க' என்று இன்னொரு பேச்சுமாக வளர்ந்தவன்.

தீபாவளிக்குக் கம்பெனியை ஒரு வாரத்துக்கு மேல் அடைத்துவிடுவார்கள். போனஸ் வாங்கிய மறுநாளே லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். பூட்டிய சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் மட்டும் எங்கும் போக மாட்டோம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும் அப்பா, "டிக்கெட்டு கெடைக்கல" என்பார். ஒவ்வொரு வருடமும் அதே பதில்தான். நானும் நம்பினேன். ரேஷன் கடை வரிசையிலேயே பின்னால் வந்தவர்களுக்கு வழி விடுகிற மனிதர் அவர். பஸ் ஸ்டாண்டில் முண்டியடித்து எங்கே டிக்கெட் வாங்கப் போகிறார்? கூச்ச சுபாவத்தால் ஒரு குடும்பமே ஊருக்குப் போக முடியாமல் கிடக்கிறது என்று எனக்கு அவர் மேல் ஒரு வருத்தம்கூட உண்டு.

எங்கள் வீட்டில் வேறு இரண்டு விஷயங்களும் இருந்தன. அலமாரியில் முருகன் படமும், ஏசு படம் போட்ட காலண்டரும் ஒட்டி ஒட்டி இருக்கும். அப்பா முருகனுக்கு ஊதுபத்தி கொளுத்துவார். அம்மா காலண்டர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். புகை இரண்டு படத்துக்கும் பொதுவாகப் போகும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இன்னொன்று கவுன்கள். தீபாவளி வந்தால் ஏற்றுமதியில் கழித்த துணி விற்கிற செகண்ட்ஸ் கடையில் அம்மா எனக்குச் சட்டை டவுசர் எடுப்பாள். கூடவே பெண்பிள்ளை போடுகிற கவுன் ஒன்றும் எடுப்பாள். அதைத் தகரப் பெட்டியில் அடியில் வைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை கிடையாது. யாருக்கு என்று கேட்டால், "கெடக்கட்டும் ராசா" என்பாள். எனக்கு ஒரு தங்கச்சி பிறக்கப் போகிறது, அவளுக்குத்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பிறக்கப் போகிற பிள்ளைக்கு எடுக்கிற கவுன் வருடா வருடம் ஏன் பெரிதாகிக்கொண்டே போகிறது என்பதுதான் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

அந்த வருடம் லீவுக்கு முன்னால் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். என் முறை வந்ததும், "தெக்கீங்க டீச்சர்" என்றேன்.

"தெக்கன்னா எந்த ஊரு?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தவன் மெல்ல, "இவனுக்கு ஊரே இல்லீங்க டீச்சர்" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கு உடனே ஒரு ஊர் வேண்டும் என்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுச் சாவி வாங்கக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் அங்கே நின்று, ஊருக்குப் போகிறவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடம் முதலாளியே தெற்கே போகிறவர்களுக்கு ஒரு பஸ் பிடித்திருந்தார். நம் பஸ்ஸில் போனால்தான் நம் பஸ்ஸில் திரும்பி வருவார்கள் என்பது அவர் யோசனை. சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, உங்கப்பாகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். பாக்கலாம் பாக்கலாங்கறாரு. போறீங்களா, இல்லீங்களா?"

அப்பாவின் கூச்சத்துக்கு ஒரு முடிவு கட்ட இதைவிட நல்ல சமயம் வராது என்று எனக்குத் தோன்றியது. "போறோமுங்க. மூணு சீட்டு" என்றேன்.

"எங்க எறங்கோணும்?"

மறுபடியும் அதே கேள்வி. ஆனால் இந்த முறை நான் சிக்கவில்லை. "பஸ்ஸு கடைசியா எங்க நிக்குதோ, அங்கீங்க."

"அப்ப உங்களைத்தான் கடைசியா எறக்கி உடுவாங்க. தூங்கீராத சாமி" என்று சிரித்தபடி அவர் உள்ளே போய்விட்டார். நான் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்குள் செய்தி மிஷின் மிஷினாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் அப்பாவுக்குப் பத்துப் பேராவது கை கொடுத்திருப்பார்கள்.

அடி விழும் என்று எதிர்பார்க்கவில்லை. பாராட்டு வரும் என்றுதான் வாசலில் காத்திருந்தேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, "என்னல சொன்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "என்ன செய்யப் போறிய?" என்றாள்.

"எல்லாரும் சந்தோசப்பட்டாச்சு. இனிமே எப்பிடி இல்லங்கது? ஏறி உக்காருவோம். போற வழியில பாத்துக்கிடலாம்."

அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, அந்த வருடம் எடுத்த கவுனைப் பையில் துணிகளுக்கு மேலாக வைத்தாள். லைன் வீட்டுச் சாவிகளெல்லாம் அந்த வருடம் மளிகைக் கடைக்குப் போயின. அது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

பஸ் காலையில் கிளம்பியது. எங்களுக்குப் பக்கத்து சீட்டில் அம்மாவோடு செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். பஸ் மடத்துக்குளம் வழியாகப் போவதால் அங்கே இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பல்லடம் தாண்டி, காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். யார் கேட்டாலும் சொல்ல ஒரு ஊர் இன்று கிடைத்துவிடும் என்ற நினைப்பில் எனக்குப் பசிகூட இல்லை.

உடுமலை தாண்டியதும் முன் சீட்டுக்காரர் திரும்பினார். வேறு செக்ஷனில் புதிதாகச் சேர்ந்தவர்.

"அண்ணாச்சிக்கு எந்தூரு?"

"கோயில்பட்டி" என்றார் அப்பா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊர்ப் பெயர் இவ்வளவு சுலபமா?

"கோயில்பட்டியா? கடைசி ஸ்டாப்புன்னுல்லா சொன்னாவ. கோயில்பட்டி முன்னாடியே வந்துருமே."

"பிள்ள தெரியாமச் சொல்லிட்டான்."

"பேச்சு கோயில்பட்டிப் பேச்சா தெரியலியே" என்று சிரித்தவர், அம்மாவை எட்டிப் பார்த்தார். "தங்கச்சிய எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. எந்தூருப் பிள்ள? யாரு மவ?"

அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வெயில் அந்தப் பக்கம் இல்லை. அப்பாவின் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. பஸ் வேகமாகப் போவதால் பயப்படுகிறார் என்று நினைத்து, நான் அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

மடத்துக்குளத்தில் டீக்கு நிறுத்தினார்கள். முன் சீட்டுக்காரர் முதல் ஆளாக இறங்கிப் போனார். அக்கா எழுந்தார். தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் பையையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"எறங்குங்க அக்கா. எங்கூட்டுக்குப் போலாம். தோட்டத்துல சாளை சும்மாதானுங்க கெடக்குது. கம்பெனி பஸ்ஸு திரும்பி வாரப்ப இங்கயே ஏறிக்கலாம்" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா அசையவில்லை. அக்கா பையைக் கீழே வைக்கவும் இல்லை. அப்பாதான் முதலில் எழுந்தார். அவர் எழுந்த பிறகும் அம்மா கொஞ்ச நேரம் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வந்தாள்.

பஸ் கிளம்பிப் போனது. அப்பா டீக்கடை ஓரமாக நின்று, அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. எதுவரை போவதாக நினைத்து அவர் அந்த பஸ்ஸில் ஏறினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவர் விரலைப் பிடித்து இழுத்தேன்.

"இதானாப்பா நம்ம ஊரு?"

அக்காதான் குனிந்து, "ஆமாங் கண்ணு, இதேதான். வா, டவுன் பஸ்ஸு வந்துரும்" என்றார்.

இப்படித்தான் எனக்கு ஊர் கிடைத்தது. நல்ல ஊர். ஆற்றில் தண்ணீர் ஓடியது, வயல் இருந்தது, தென்னை இருந்தது. தோட்டத்து வீட்டைத்தான் அங்கே சாளை என்பார்கள். அக்கா வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், தேங்காயெண்ணெய் எல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே சமையலும் சொன்னார்.

"அரிசியவும் பருப்பவும் ஒண்ணாப் போட்ருங்க அக்கா."

"பருப்ப சோத்துக்குள்ளயா? பொறவு கொழம்புக்கு என்ன செய்ய?" என்றாள் அம்மா.

"கொழம்பே வேண்டாமுங்க. தின்னு பாத்துட்டு, நல்லா இல்லீன்னா என்னை வைங்க."

மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா இரண்டாவது முறை வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். இன்று நான் வைப்பதும் அதே சாதம்தான். ருசி என்னவோ அந்த அளவுக்கு வருவதில்லை.

நீங்கள் இனி கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும், அதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் தாத்தாவும் ஆச்சியும் வேறு வேறு சாமி கும்பிடுகிற வீடுகளில் பிறந்தவர்கள். இரண்டு வீட்டிலும் சம்மதிக்கவில்லை. கட்டிய துணியோடு திருப்பூருக்கு வந்துவிட்டார்கள். ஊர்ப் பக்கம் வந்தால் உயிரோடு விட மாட்டோம் என்று ஆச்சியின் அண்ணன்மார் சொல்லியிருந்தார்களாம். இதெல்லாம் நான் பத்தாவது முடித்தபோதுதான் எனக்குச் சொன்னார்கள். ஆச்சி வீட்டை விட்டு வந்தபோது அவர்களுடைய கடைசித் தங்கை நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை. அவர்தான் உங்கள் சின்னாச்சி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஆனாலும் உங்களுக்கு ஆச்சி. வேலைக்குப் போய்த் தன் காலில் நின்ற பிறகு, அவரே விசாரித்துக்கொண்டு அருள்புரத்துக்கு வந்து நம் கதவைத் தட்டினார். தாத்தா அப்போது உயிரோடு இல்லை. அவர் கடைசிவரை மடத்துக்குளத்தைத் தாண்டவில்லை. நீங்கள் இப்போது ஆச்சியோடு போய் இறங்கியிருப்பது அந்தக் கடைசி ஸ்டாப்பில்தான், ஆச்சியின் ஊரில்.

தீபாவளிக் காலையில் அக்காவின் அண்ணன் மகள் ஒரு தூக்குப் போசியில் முறுக்கும் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் கொண்டுவந்தாள். என்னைவிட உயரம். பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பியவளை அம்மா, "நில்லும்மா" என்றாள். பையிலிருந்து கவுனை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தாள். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். போட்டுக்கொண்டு வந்தாள். தோள், கை, நீளம் எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

அம்மா அவளைச் சுற்றி வரச் சொன்னாள். இன்னொரு தடவையும் சுற்றச் சொன்னாள்.

"என்ன படிக்க?"

"ஆறாப்புங்க அத்தை."

அம்மா அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகில் ஜிப்பை மேலே இழுத்துவிட்டாள். இழுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"ஆமா" என்றாள். "இப்ப ஆறாப்புதான் படிப்பா."

எதிரில் நிற்கிற பிள்ளையை ஏன் எங்கோ இருக்கிற யாரையோ சொல்வது மாதிரி சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவும் இல்லை. தங்கச்சிக்கு வைத்திருந்த கவுனை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாளே, நாளைக்கு அவள் பிறந்து வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை.