லோங்காங் ஓரத்து வாழை

என் நாத்தனார் மகன் பாலனுக்குப் பெண் பார்க்கக் கேரி தீவுக்குப் போய்வந்தவர்கள் சொல்லித்தான் லோகேஸ்வரி என்ற பெயர் முதலில் காதில் விழுந்தது. "சிரிச்ச முகம்லா. ஆனா வேணாம்னு சொல்லிட்டா வேணாம்தான்," என்றார்கள்.

கல்யாணமாகிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்தாள். அங்கேயே பிள்ளை வளர்ந்து, தலையும் நரைத்தது. ஒரு நாள் வாசலை ஒட்டிய லோங்காங்கின், அதாவது கால்வாயின், சிமெண்டு மூடி உடைந்து விழுந்தது. பக்கத்து வீட்டு வாசு எத்தனையோ முறை போன் அடித்தும் நகராண்மைக் கழகத்து ஆள் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று வாசு ஒரு சாக்கில் மண்ணை நிரப்பி, வாழைக்கன்றை ஊன்றி, அந்த ஓட்டையில் இறக்கி வைத்தார். கால்வாய்ச் சேற்றில் வேர் பிடித்து அது குலையும் தள்ளியது.

வாசுவின் மகள் மாதவிக்குக் கல்யாணம் வந்தது. வாசலில் கட்டக் குலையோடு இரண்டு மரம் வேண்டும். ஒன்றைப் பாசார் சந்தையில் வாங்கியவர், ஜோடிக்கு இதை வெட்டினார். கல்யாண அவசரத்தில் ஓட்டையை மூட மறந்தார். சாயங்காலம் சீர்த்தட்டோடு வந்த லோகேஸ்வரியின் கால் அதற்குள் போய், இடுப்பெலும்பு முறிந்தது.

நகராண்மைக் கழகத்தின் மேல் வழக்குப் போடலாம், ஆனால் ஓட்டை வெகுநாளாக இருந்தது கழகத்துக்குத் தெரியும் என்று காட்டவேண்டும் என்றார் வக்கீல் ரோகிணி. அதற்குள் அங்கே புது மூடி வந்துவிட்டது. சாட்சி சொல்ல, போன் அடித்த வாசு ஒருவர்தான்.

"அவரக் கூப்பிட்டா, மரத்த வெட்டுனது யாருன்னு கேப்பாங்க. பழி அவர் தலையில விழும். கேஸ் வேணாம் மேடம்," என்றாள் லோகேஸ்வரி.

சேதி கேட்டு வாசுவே வந்து நின்றார். "என்னம்மா, என்னக் கேக்காம நீயே தீர்ப்பு சொல்லிட்ட?"

"வேணாம்ணே. கோர்ட்டுல உங்களக் குடைவாங்க."

"ஒடஞ்சது உன் இடுப்பு. எனக்கு வாய்தானே வலிக்கப் போவுது."

அன்றைக்குத்தான் அவள் வேண்டாம் என்ற பேச்சை விட்டாள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், மரத்தை வெட்டியதால்தானே அந்த அம்மா விழுந்தார் என்று மடக்கினார். வாசு மறுக்கவில்லை. "ஆமா, வெட்டுனது நான்தான். கன்னா வச்சேன், குலையோட வெட்டுனேன். அத்தன நாளும் போன் அடிச்சும் மூடி போட யாரும் வரல," என்றார். மொழிபெயர்ப்பாளரை அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் நீதிபதி.

வாசு கவனமாக இருந்திருக்கலாம். ஆனால் கன்று குலை தள்ளும் வரை ஓட்டை அப்படியே கிடந்திருக்கிறது; மூடி போடவேண்டியது நகராண்மைக் கழகம், அது பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று தீர்ப்பானது.

இப்போது லோகேஸ்வரி சுபாங் ஜெயாவில், மகன் குருவின் கீழ்த்தள வீட்டில் பாலனோடு இருக்கிறாள். ஊன்றுகோல் பிடித்து நடக்கிறாள்.