திருப்பிக் கொடுத்த கிளவுஸ்

கிளவுஸ் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் விரல் முட்டியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே கறுப்பு பிளாஸ்டிக் ஓடு வைத்து, பக்கத்தில் இரண்டு சிவப்பு வரியும் ஒட்டியிருந்தால் போதும், ஆள் விழுந்துவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டியிலிருந்து விழுகிறவன் முட்டியை மடக்கிக்கொண்டா விழுகிறான்? உள்ளங்கையைத்தானே ஊன்றுவான்? போன மாதம் என் தம்பி பைக் வாங்கினான். குறைந்த விலையில் எது நல்லது என்று கேட்டு போனில் நாலு படம் அனுப்பினான். நாலும் முட்டிப் படம். "உள்ளங்கையைக் காட்டுலே" என்று எரிந்து விழுந்தேன். அக்காவுக்கு என்ன வந்தது என்று அவன் சிரித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தச் சமயத்தில் அவன் தொட்டிலில் கிடந்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு லைன் வியாபாரம். குன்னத்துகாலில் ஒரு வீட்டில் மிக்சரும் பக்கவடாவும் சிப்ஸும் மொத்தமாக எடுப்பார். அம்மா அதைச் சின்னச் சின்ன பாக்கெட்டாகப் போடுவாள். பைக்கின் இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பாறசாலையில் தொடங்கி நெய்யாற்றின்கரை, காஞ்சிரங்குளம் வரைக்கும் உள்ள சாயாக்கடைகளுக்கு அப்பா கொண்டு போடுவார். மழையானாலும் வெயிலானாலும் வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இதை அம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது எல்லாருக்கும் ஞாபகப்படுத்துவாள்.

அந்த வருஷம் அப்பா ஒரு நாள் சைலன்சரில் கையைச் சுட்டுக்கொண்டார். சுட்டது அவருக்குத் தெரியவில்லை. அம்மாதான் தோல் வெந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு ஐயோ என்று கத்தினாள். ஆசுபத்திரிக்குப் போனால், சுகர் ரொம்ப நாளாகவே இருக்கிறதாம், விரல்களில் உணர்வு பாதி போய்விட்டதாம். இனி கையில் காலில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களுக்குக் கீறல் என்றால் உமக்கு அது கீறல் இல்லை என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னதை அப்பா வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தார். வண்டி ஓட்டாதே என்றுகூட டாக்டர் சொன்னார். அதை மட்டும் அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. கூடப் போன எனக்குத் தெரியும்.

வண்டியை விட முடியாது. அப்படியானால் கிளவுஸ் போட வேண்டும். எப்படிப்பட்டது வாங்குவது என்று அப்பா வர்க்ஷாப்காரரிடம் கேட்டார். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமலேயே சொன்னார்.

"உள்ளங்கையில தோலு வேணும், அதுவும் இந்த மேட்டுல ரெண்டு மடிப்பு. மணிக்கட்டுல இறுக்குத பட்டை வேணும், இல்லேன்னா ரோட்டுல உரசும்போ கழண்டு போவும். உமக்கு சுகரு உள்ளதுனால உள்ள தையலு குத்தப்பிடாது. மேல உள்ள பிளாஸ்டிக்கு எல்லாம் சும்மா ஷோவாக்கும்."

நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் அதே மாதிரி இருந்தது. விலையைக் கேட்டதும் அப்பா மெதுவாக அதைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, கடைக்காரர் வருத்தப்படுவாரோ என்று ஒரு கீ செயின் வாங்கினார். பாறசாலையில் ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் போடுகிற ரப்பர் பூசியது மலிவாகக் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு கிளட்சைப் பிடித்துப் பார்த்தார். வேர்வையில் கை ஊறிப்போயிற்று. ஊறினால் புண்ணாகும். பிறகு எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போனோம். அங்கே ரோட்டோரத்தில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் முட்டியில் ஓடு, சிவப்பு வரி.

அப்பா ஒன்றை எடுத்து உள்ளே வெளியே புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ தொட்டுப் பாரு மக்கா. எனக்குத் தெரியல்ல."

அவருடைய விரலுக்குத் துணியும் தோலும் ஒன்றுதான். அதனால் கடை கடையாக நான்தான் கையை நுழைத்தேன். உள்ளங்கையைக் கிள்ளிப் பார்ப்பேன், தையலை நகத்தால் தடவுவேன், பட்டையை இழுப்பேன். "சாக்ஸு மாதிரி இருக்கு அப்பா, வேண்டாம்" என்று நான் சொன்னால் வேண்டாம்தான். ஒன்பது வயதில் என் பேச்சுக்கு அப்படி ஒரு மதிப்பு வேறெங்கும் கிடைத்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் நெய்யாற்றின்கரைக் கடையில் பார்த்ததைத்தான் வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பா அதற்காகப் பணத்தைத் தனியாக எடுத்துவைக்கத் தொடங்கினார்.

பாதிப் பணம் சேர்ந்தபோது எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஏத்தவாழைக்குலை, சேனை, மரச்சீனிக் கிழங்கு, கோழி, கேக் என்று அவரவரால் முடிந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஏலத்தில் வருகிற பணம் சபைக்கு. இதில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பணத்தையும் கொடுத்துவிட்டு, பொருளையும் திருப்பிக் கொடுப்பார். அதை மறுபடி ஏலம் விடுவார்கள். மனசுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு பேச்சு. ஒரே ஏத்தக்குலை ஐந்து பேர் கைமாறி, காம்பு ஒடிந்து, பழுக்கும் முன்பே கறுத்துப்போய்விடும். திருப்பிக் கொடுத்தவரின் பெயரைச் செயலாளர் மைக்கில் இரண்டு தடவை சொல்வார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் முன்னால் பாயில் உட்கார்ந்து, யார் எதை எடுத்தாலும் "திருப்பிக் குடு, திருப்பிக் குடு" என்று தொண்டை கிழியக் கத்துவோம். யாரும் எங்களை அதட்ட மாட்டார்கள். சபைக்கு வருமானம் அல்லவா.

தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா அன்று வரவில்லை. காணிக்கைப் பொருள்களைப் பரப்பிவைத்திருந்த மேசைப் பக்கம் போன அப்பா அங்கேயே நின்றுவிட்டார். ஏத்தக்குலைக்கும் சேனைக்கும் நடுவில் ஒரு ஜோடி கிளவுஸ். துபாயில் பைக்கில் சாப்பாடு கொண்டு கொடுக்கிற பையன் ஒருவன் லீவில் வந்திருந்தான். அவனுடைய அம்மா கொண்டுவந்து வைத்தாளாம். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா. கைய விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தேன். தடித்த தோல். உள்ளங்கை மேட்டில் இரண்டு மடிப்பு. தையல் எங்கேயும் குத்தவில்லை. மணிக்கட்டில் அகலமான பட்டை.

"எப்பிடி உண்டு?"

"அதுதான் அப்பா. அதேதான்."

அப்பா சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். கோயிலுக்கு வரும்போது அந்தப் பணத்தை ஏன் எடுத்துவந்தார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று எடுத்து வந்திருக்கலாம். அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஏலம் தொடங்கியது. எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள், காண்ட்ராக்டர் மகள். அவளுடைய அப்பா ஒரு சேவலை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி கொடுத்தார். நாலு தடவை அவர் பெயர் மைக்கில் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் என் பக்கம் திரும்பி, பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டாள். அந்தப் பின்னலைப் பிடித்து அறுத்துவிடலாம் போல் இருந்தது. எங்கள் அப்பா பெயர் அந்த மைக்கில் ஒரு தடவைகூட வந்ததில்லை. நாங்கள் வருஷா வருஷம் நாலு பாக்கெட் மிக்சர் வைப்போம். அதை மற்ற பாக்கெட்டுகளோடு சேர்த்து மொத்தமாக ஏலம் விட்டுவிடுவார்கள்.

கிளவுஸ் வந்ததும் சிரிப்பு எழுந்தது. இதை யார் எடுப்பார்கள்? ஒரு காலேஜ் பையன் விளையாட்டுக்குக் கேட்டான். அப்பா எழுந்து நின்று கூட்டிக் கேட்டார். பையன் கொஞ்சம் ஏற்றினான். அப்பாவும் ஏற்றினார். பையன் உட்கார்ந்துவிட்டான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். செயலாளர் அப்பாவின் பெயரை மைக்கில் சொன்னார். எனக்குப் புல்லரித்தது. பையிலிருந்த பணத்தில் ஏறக்குறைய முழுதும் அதற்குப் போயிற்று. ஆனால் கடை விலையில் அது பாதிகூட இல்லை. அப்பா கிளவுஸை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார்.

யாரும் கத்தவில்லை. பிள்ளைகளுக்கு அதில் சுவாரசியம் இல்லை. காண்ட்ராக்டர் மகள் கொட்டாவி விட்டாள்.

அந்தக் கொட்டாவிதான் என்னைக் கெடுத்தது. எங்கள் அப்பா எடுத்தால் மட்டும் யாரும் கத்த மாட்டார்களா? எங்கள் அப்பாவுக்கு மட்டும் மனசு இல்லையா? நான் பாயில் முட்டுக்குத்தி எழுந்து, உள்ள தொண்டையையெல்லாம் திறந்து, "திருப்பிக் குடு!" என்று கத்தினேன். ஒரு தடவை. இரண்டாம் தடவை கத்தும்போது பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். அதற்குப் பிறகு பாய் முழுக்க ஒரே கூச்சல். பெரியவர்கள் சிரித்துக்கொண்டு கை தட்டினார்கள்.

"பிள்ளைய எல்லாம் கேக்குது. என்ன சொல்லுதிய?" என்றார் செயலாளர் மைக்கில்.

அப்பா பாதி வழியில் நின்றார். எங்கள் பாய்ப் பக்கம் பார்த்தார். அங்கே நாற்பது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். அதில் என்னைத்தான் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சுகர் விஷயம் சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. திரும்பி நடந்துபோய் மேசைமேல் வைத்தார். பெயர் இரண்டு தடவை மைக்கில் வந்தது. நான் காண்ட்ராக்டர் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாம் ஏலத்தில் காண்ட்ராக்டரே அதைப் பெரிய தொகைக்கு எடுத்தார். அவருக்குக் கார். அந்தத் தடவை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் கைதச்சக்கை என்கிற அன்னாசியை வெட்டுகிறவனுக்கு ஆகும், முள் குத்தாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும்போது, "சாரமில்ல, போவட்டும், அடுத்த மாசம் வாங்கலாம்" என்றார். அம்மா பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த மாதம் வருவதற்குள் மழை வந்தது. காஞ்சிரங்குளம் போகிற வழியில் ஒரு வளைவில் மணல் அரித்துக் கிடந்தது. வண்டி சறுக்கியது. அப்பா வலது கையை ஊன்றினார். அவ்வளவுதான், வேறெங்கும் அடி இல்லை. உள்ளங்கை மேட்டில் கொஞ்சம் தோல் உரிந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மீதிக் கடைகளுக்கெல்லாம் சரக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் கை வீங்கியது. ஐந்தாம் நாள் காய்ச்சலில் பிதற்றினார். ஆசுபத்திரியில் முதலில் கீறிவிட்டார்கள், பிறகு ஒரு விரலை எடுத்தார்கள், அது போதாது என்று இன்னும் இரண்டை எடுத்தார்கள். ஆக்ஸிலேட்டர் பிடிக்கிற கை. வண்டியை அம்மா விற்றாள். அதன் பிறகு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சரக்குப் போட்டது அவள்தான். இடுப்பில் தம்பி வேறு.

அப்பா இறக்கும்வரை அம்மா அந்தக் கிளவுஸைச் சொல்லிக் காட்டினாள். கஞ்சிக்கு உப்பு இல்லை என்றால்கூட, சபையில் பேர் வாங்கின மகராசன் வீட்டில் உப்பு எதற்கு என்பாள். அப்பா இடது கையால் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பார்.

முதல் தடவை அம்மா அதைக் கேட்டது ஆசுபத்திரியில்தான். மூன்று விரலும் போய், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அப்பா படுத்திருந்தார். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"எதுக்கு அதத் திருப்பிக் குடுத்திய? ஆரு உங்களக் கேட்டா? பிள்ளைய கத்துனா கத்திட்டுப் போவட்டும்" என்று அழுதாள். அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். "எட்டி, நீ அங்ஙனதானே இருந்தே? அப்பாவுக்குக் கை இப்பிடியாக்கும்னு உனக்குத் தெரியாதா? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினேன்.

அப்பா கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "அவள எதுக்குத் திட்டுத? அவ பொறத்தால நின்னா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கே தோணிச்சு, குடுத்தேன்."

நான் பின்னால் நிற்கவில்லை. முன்வரிசையில் பாயில் இருந்தேன். ஆனால் அப்பா அப்படிச் சொன்னதும், அந்தக் கூச்சலில் என் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை, நான் எங்கே இருந்தேன் என்றுகூட அவர் பார்க்கவில்லை, நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு பன் வாங்கித் தந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதை முழுதும் தின்றேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.