அக்கா ஒட்டிய சீல்

என் அக்கா வீட்டிலிருந்தே பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறவள். மனிதர்களிடமும் பிழைதான் தேடுவாள். கணினி வாங்கிய அன்றே, யாரும் திறந்து எதையும் உருவிவிடக் கூடாதென்று பெட்டியின் பின்பக்கம் கையெழுத்துப் போட்ட தாளை ஒட்டிவிட்டாள்.

போன வாரம் இரண்டாவது மானிட்டர் வாங்கினாள். செருக இடமில்லை. பின்னால் இருந்த ஒரே துளையில் பழைய மானிட்டரின் கேபிள் இருந்தது.

"ரெண்டாவது மானிட்டருக்கு வேண்டிய கிராஃபிக்ஸ் கார்டே போடாம தலையில கட்டிட்டான்!" என்று கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"லினக்ஸ்தானே? டெர்மினல்ல 'எல்எஸ்பிசிஐ'னு டைப் பண்ணிப் பாருங்கம்மா, உள்ள என்னென்ன இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லும்" என்றார் அவர்.

நான் தட்டினேன். மதர்போர்டோடு வந்த கிராஃபிக்ஸ் ஒரு வரியில், தனி கார்டு இன்னொரு வரியில்.

"கார்டு உள்ளதான் இருக்குக்கா."

"அப்படிச் சொல்லச் சொல்லிக் கம்ப்யூட்டரை அவனே பழக்கி வச்சிருப்பான்."

அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர், மாமா, பொறுமையிழந்து டார்ச்சோடு பின்னால் குனிந்தார். சர்ரென்று தாளைக் கிழித்தார். அடியில் கார்டின் மூன்று துளைகள். கேபிளைச் செருகியதும் புது மானிட்டர் பளிச்சென்று எரிந்தது.

அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிழிந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் கையெழுத்து மாதிரியே இல்லையே!"