ஓலை வள்ளத்துக்கு முதல் உரிமை

அடக்கமாகப் பேசும்படி வீட்டில் எவ்வளவோ சொல்லித் தந்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஆகவே நேராகவே சொல்கிறேன்: எண்பதுகளின் நடுவில், எங்கள் ஊரான சரவணையில் ஒரு கிணறு உப்பாகாமல் காத்தது நான் எழுதிய புரோகிராம்.

எங்கள் தீவில் நன்னீர் மேலே மெல்லிய படையாக நிற்கும், அடியில் உப்புநீர். மோட்டரை அளவுக்கு மிஞ்சி ஓடவிட்டால் உப்பு மேலே ஏறும். ஏறினால் இலேசில் இறங்காது. ஊர்க் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியபோது, உப்பு ஏறத் தொடங்கியதும் மோட்டரை நிறுத்தும் பெட்டி ஒன்று செய்து தருகிறேன் என்று கிணற்றுக் குழுவிடம் வாக்குக் கொடுத்தேன். பொறியியல் படித்து முடித்த திமிர்.

பெட்டிக்குள் இருந்தது ஒரேயொரு கணினிச் சில்லு. அதற்கு மூன்று வேலை. எல்லாவற்றிலும் முக்கியமானது உப்பைக் கவனிப்பது. அடுத்தது மோட்டர் நீரேற்றும் தாங்கியின் நீர்மட்டத்தைக் கணக்கிடுவது. கடைசி வேலை, சின்னத் திரையில் எண்களைக் காட்டுவது. பெரிய வேலை வந்தால் சில்லு சின்ன வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடும். கிணற்றில் தொங்கும் உப்புமானி அளவு மீறினால், செமஃபோர் என்ற சைகை ஒன்று முதல் வேலையைத் தட்டி எழுப்பும். மோட்டருக்கும் திரைக்கும் போனது ஒரே கம்பி. இரண்டு வேலைகள் ஒன்றாக அதில் பேசினால் குழம்பிவிடும் என்று அதற்கு ஒரு மியூட்டெக்ஸ் வைத்தேன். கக்கூசுச் சாவி மாதிரித்தான்: உள்ளே இருப்பவர் முடித்துவிட்டுத் தரும்வரை மற்றவர் வெளியே நிற்க வேண்டும்.

பரீட்சித்த அன்று உப்பு ஏறியது. மோட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுத் தானே மோட்டரை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, உம்மட பெட்டி நித்திரையோ?"

"மானியிலதான் பிழை ஐயா."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம். சரிவராட்டில் பெட்டியையும் மோட்டரையும் கழட்டிப்போடுவம். கிணத்தை வைச்சு விளையாட ஏலாது."

நல்லகாலம், கொஞ்சம்தான் ஏறியிருந்தது. இரண்டு நாளில் அடங்கியது. எனக்குத்தான் அடங்கவில்லை. புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன், பிழை தெரியவில்லை. வெறுத்துப்போய், நயினாதீவில் இருந்த அக்காவிடம் போகக் குறிகட்டுவான் துறைக்கு வந்தேன்.

வள்ளங்கள் அணையும் ஒரே படியில் பனையோலைக் கட்டுகளோடு ஒரு வள்ளம் நின்றது. இறக்க வேண்டிய கூலியாட்களைப் பயணிகள் பெட்டி தூக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட, வள்ளக்காரர் தனியே இறக்கிக்கொண்டிருந்தார். அப்போது நெடுந்தீவிலிருந்து இன்னொரு வள்ளம் பிள்ளைப்பேற்று வலியில் துடித்த ஒரு பெண்ணோடு வந்து, படி கிடைக்காமல் பின்னால் நின்றது.

"ஓலை வள்ளத்தைத் தள்ளிவிடுங்கோ!" என்றார் ஒரு பயணி.

"பாதியில தள்ளினால் சரிஞ்சுபோம்," என்று கத்தினார் வள்ளக்காரர்.

மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையை வைத்துவிட்டு எழும்பினார். "அவரை விரட்டாதேங்கோ, கை குடுங்கோ! இப்ப அவற்ர அவசரம்தான் இந்தப் பிள்ளையின்ர அவசரம்."

அதுதான் துறை வழக்கம். கூலியாட்கள் பெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நானும் இரண்டு கட்டுத் தூக்கினேன், சேலை கிழிந்தது. சற்று நேரத்தில் ஓலை வள்ளம் விலகியது, அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினார்கள்.

நான் நயினாதீவுக்குப் போகவில்லை. நின்ற பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன். திரைவேலைதான் என் ஓலை வள்ளம். அது சாவியை வைத்திருக்கும்போது நடுவிலுள்ள நீர்மட்ட வேலை வந்து சில்லைப் பறித்துக்கொள்கிறது. திரைவேலை முடியாது, சாவி திரும்பாது, உப்பு வேலை வாசலில் நிற்கிறது. மூன்றில் முக்கியமானதைக் காத்திருக்க வைத்தது நான் எழுதிய ஒழுங்கேதான். இனி, உப்பு வேலை சாவிக்குக் காத்து நிற்கும்வரை, அதன் முதல் உரிமையைத் திரைவேலைக்குக் கடன் கொடுக்க வேண்டும். சாவி திரும்பியதும் உரிமையும் திரும்பிவிடும். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதினேன், இடம் போதவில்லை.

வெள்ளிக்கிழமை தலைவர் தானே ஒரு வாளி கடல்நீர் கொண்டுவந்து மானியை அதில் அமிழ்த்தினார். 'டக்' என்று நின்றது மோட்டர். நம்பாமல் பத்துத் தடவையாவது அமிழ்த்தியிருப்பார். பத்துத் தடவையும் நின்றது.

"என்னத்தை மாத்தினீர்?"

"குறிகட்டுவான் வழக்கத்தை உள்ளுக்கை எழுதினனான் ஐயா," என்று நடந்ததைச் சொன்னேன்.

"இதைப் படிக்கவோ நீர் கம்பஸுக்குப் போனனீர்?"

"ஓம் ஐயா. படியாட்டில் எழுத ஏலாதெல்லோ."

பிறகு ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் இதே முறையை நீளமான பெயரோடு கண்டேன். அவர்களும் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். என் பஸ் டிக்கெட்டில் அது முன்பே இருந்தது என்பதில் எனக்கு இன்றும் கொள்ளைப் பெருமை.

தொண்ணூறில் சண்டை வந்து நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலையில், தலைவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பி என்னிடம் தந்தார். வழியில் எல்லோரும் ஒவ்வொரு மிடறு குடித்தோம். ஒருவருக்கும் உப்புக் கரிக்கவில்லை.