லிஃப்டுக்கு வெளியே கொடுத்த வாக்கு

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டாலும் இவரையும் இவர் கூட்டாளியையும்தான் கூப்பிடுவார்கள். கூட்டாளி மேலே போய் மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்குவார். அதுவரை இவர் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதறிப்போய்க் கதவை நெம்பிவிடக் கூடாதே! அதனால் அவர்கள் என்ன சொன்னாலும் இவர் "சரிங்க" என்பார்.

அந்தச் 'சரிங்க' எங்கள் வீட்டைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். உள்ளே அழுதுகொண்டிருந்த ஒரு பெண் தன் பூனை குட்டி போட்டதைச் சொல்லப்போக, அன்று சாயங்காலமே இரண்டு குட்டிகள் எங்கள் சோபாவைக் கிழித்துக்கொண்டிருந்தன. இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் பாலிசி வந்து சேர்ந்தது. கம்பெனியிலேயே இவருக்குப் பெயர் 'சரிங்க'தான்.

கடைசியாக மாட்டிக்கொண்டவர் சைக்கிள் சங்கத்தின் செயலாளர் அம்மா. மூச்சு முட்டுகிறது என்று கத்தியவரிடம் இவர் சைக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், அந்த அம்மா பயத்தை மறந்து நூறு கிலோமீட்டர் பந்தயத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிளம்ப வேண்டும். முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கக் கூடாது. துணைக்கு யாரும் கூட வரக் கூடாது. மதியத்துக்குள் வந்து சேராதவர்கள் தோற்றவர்கள். "நீங்களும் வாங்களேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

எனக்கு வந்ததே கோபம். "போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடுங்க. முதல் மாடிக்கே லிஃப்டுக்குக் காத்திருக்கிற ஆளு நீங்க!"

"அது உள்ள இருந்தவங்களுக்குக் கொடுத்த வாக்கும்மா. அதைப் பொய்யாக்கிட்டு, நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட 'பயப்படாதீங்க, இதோ திறந்துடுவோம்'னு எந்த வாயால சொல்வேன்?"

அவர் சொன்னது நியாயம்தான். நியாயத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் இன்னும் கூடும். போகட்டும், ஒரு தடவை நன்றாகப் பட்டுக்கொண்டு வரட்டும், அப்போதாவது 'முடியாது' என்று சொல்லப் பழகுவார் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தன் தம்பியின் சைக்கிளை இரவல் வாங்கி, சில நாள் வேலைக்கு அதில் போனார். சாயங்காலம் சைக்கிளையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவ்வளவுதான்.

பந்தயத்தன்று கொழுந்தனார் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். கடைசிப் பாலத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். இளசுகள் விர்விர்ரென்று போனார்கள். தலை நரைத்தவர்களும் போனார்கள். வெயில் ஏற ஏற ரோடு காலியாகிவிட்டது. இவரை மட்டும் காணோம்.

"அண்ணி, அதோ!" என்றார் கொழுந்தனார்.

எதிர்க்காற்றில் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தார். பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் கால் பிடித்துக்கொண்டு, அப்படியே இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது. 'சொன்னேனா இல்லையா' என்று கேட்கக் காலையிலிருந்து தயாராக வைத்திருந்தேன். அது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"என்னங்க, போதும். வேன்ல ஏறுங்க."

"முடியாது."

இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'முடியாது' அதுதான். அதுவும் என்னிடம்! கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார், ஏறினார், மிதித்தார். என்னையறியாமல் நானும் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர், "அம்மா, கூட ஓடினீங்கன்னா அவர் பேரை எடுத்துடுவோம்!" என்று அதட்டினார். வாயையும் காலையும் ஒருசேரக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அது. இவர் பாலத்தின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் மறைந்துபோனார்.

வேனில் பறந்தடித்துக்கொண்டு நாங்கள் பந்தயம் முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, புல்லில் மல்லாந்து கிடந்தார். செயலாளர் அம்மா பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் ஆகலைங்க. பந்தயத்தை முடிக்க இருந்தோம், அதுக்குள்ள வந்துட்டார். கடைசி ஆள்" என்றார் அந்த அம்மா. பிறகு இவரைப் பார்த்து, "என்னைச் சமாதானப்படுத்தத்தான் அன்னிக்குச் சும்மா சொன்னீங்கன்னு நினைச்சேன், சார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

இவர் வெட்கத்தோடு சிரித்தார்.

"அடுத்த வருஷமும் வருவீங்களா?"

இவர் வாயைத் திறந்தார். பயத்தோடு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"வருவார்" என்றேன் நான்.