நாத்தனார் வைத்த காவல்

என் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் வைத்த பெயர் சந்தேகப் பிராணி. பூட்டிய கதவை மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கிறவள் வேலையில் மட்டும் மாறிவிடுவாளா? நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் தரவுத்தளம் அவள் பொறுப்பு. அதில் எல்லா இடத்திலும் ட்ரிகர் போட்டு வைத்திருந்தாள். யார் எதை மாற்றினாலும் பழையது என்ன, புதியது என்ன, மாற்றியது யார் என்று அது தானாகவே தனியாகப் பதிந்துவிடும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவாள்.

"நான் தும்முறதுக்கும் ஒரு ட்ரிகர் போட்டிருக்கீங்களாக்கா?" என்று கிண்டலடிப்பேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். லேபில் இருக்கும் எங்களையெல்லாம் அவள் திருடர்களாகப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

அன்று ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற இருந்தார்கள். கணினியில் பி பாசிட்டிவ் என்று இருந்தது. நர்ஸ் கடைசி நேரத்தில் மறுபடி சோதித்ததில் ஓ பாசிட்டிவ் என்று வந்தது. ஏற்றியிருந்தால் உயிர் போயிருக்கும். அந்தப் பெண்ணின் ரத்த வகையைப் பதிந்தவள் நான்.

"ட்ரிகர் பதிவைப் பார்ப்போம். நீங்க போட்டதுதான்னா இன்னியோட கிளம்பிடுங்க" என்றார் தலைமை மருத்துவர்.

வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நாத்தனாரின் அறைக்கு ஓடினேன்.

"அக்கா, நான் ஓ பாசிட்டிவ்னுதான் போட்டேன்."

"பாக்குறேன். நீதான் தப்பு பண்ணியிருந்தா அதையும் அப்படியே சொல்லுவேன். தம்பி பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன்."

தேடினாள். திரையில் ஒரு வரி வந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். பழையது ஓ. புதியது பி. மாற்றியவர் என்ற இடத்தில் என் நாத்தனாரின் பெயர்.

"காலையில ரெண்டு தடவை பதிஞ்சிருந்த ஆளுங்களை ஒண்ணாச் சேர்த்தேன்" என்றாள் மெதுவாக. "ஒரே பேரு, ஒரே பிறந்த தேதி. ஒரே ஆளுன்னு நெனச்சேன். ரெண்டு பேரு போலிருக்கு. இன்னொருத்தியோட பி இவ கணக்குல ஏறிடுச்சு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் பாதி மறுபடி போய்விட்டது.

"இந்த வரியை அழிக்க முடியுமாக்கா?" ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

"முடியும். ட்ரிகரை நிறுத்திட்டு அழிச்சா சுவடே இருக்காது. அந்த அனுமதி இங்க எனக்கு மட்டும்தான்."

அறையில் வேறு யாரும் இல்லை. அவள் விரல்கள் கீபோர்டின் மேலேயே இருந்தன. அழித்துவிட்டால் நான் போட்டதுதான் தப்பு என்று ஆகிவிடும். நான் அலறினாலும் நம்ப ஆள் கிடையாது. இப்படி யாரையும் பார்த்து நான் பயந்ததில்லை.

சட்டென்று எழுந்தாள். திரையைப் பூட்டவில்லை. நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. டாக்டரைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் யாரையும் கீபோர்டைத் தொட விடாத."

வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் மட்டும் தனியா திரும்பி வந்தா, என்னையும் விடாத."