பழுப்பு பனியன்

எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னை மாப்பிள்ளையாக வேண்டாமென்று சொன்னார்கள். கறுப்பாம். அதே கறுப்புதான் குவைத்தில், ஒரு வெளிநாட்டு ராணுவ முகாமில், கொஞ்ச நேரம் என்னைச் சிப்பாயாக்கி வைத்தது. என்னத்தைச் சொல்ல!

பக்கத்து நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் முகாமின் மெஸ்ஸில் பாத்திரம் கழுவினேன். அங்கே எல்லாமே இரண்டு. சிப்பாய்களுக்கு ஏசி மெஸ், எங்களுக்குத் தகரக் கொட்டகை. ஏவுகணை வருகிறதென்று சைரன் அலறினால் அவர்களுக்குக் கான்கிரீட் பங்கர், விஷவாயு முகமூடி. எங்களுக்கு மணல் மூட்டை அடுக்கிய ஒரு பள்ளம். எங்களுக்கும் முகமூடி கேட்டால் "மாஃபி, இல்லை" என்று கையை விரிப்பான் கேம்ப் பாஸ். உயிரிலுமா ரெண்டு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் ரூம்மேட் புதுக்கோட்டைக்காரன். நல்ல சிவப்பு, பூனைக்கண் வேறு. கேட்டில் காவலர்கள் அவனை அரபி என்று நினைத்துத் தினமும் தனியே நிறுத்திச் சோதிப்பார்கள். என்னை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். "கல்யாணத்துக்கு ஒன் கலர் ஆகாது, கேட்டுக்கு என் கலர் ஆகாது. நல்லா இருக்குடா நியாயம்" என்பான்.

ஊர் திரும்பும் சிப்பாய்கள் பழைய பழுப்பு பனியன்களை விட்டுப்போவார்கள். அவை சலவைக்காரர்கள் வழியாக எங்கள் ரூமுக்கு வந்துவிடும். மெஸ்ஸின் வெள்ளைக் கோட்டுக்குள் எல்லோரும் அதைத்தான் போட்டிருப்போம். வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று மதியம் புழுக்கம் தாங்காமல் இருவரும் கோட்டைக் கழற்றிவிட்டு, மெஸ்ஸுக்குப் பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தோம். சைரன் அலறியது. எங்கள் பள்ளம் முகாமின் மறுகோடியில் இருந்தது. முன்னால் ஓடிய என்னை, வழியிலிருந்த பங்கர் வாசலில் நின்ற ஒரு கறுப்புச் சிப்பாய் பார்த்தான். பனியனைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான். தன் ஆள் என்று நினைத்துவிட்டான். "பிரதர்" என்று தோளைத் தட்டி, ஒரு முகமூடியை என் மடியில் வைத்தான். இந்த நிறத்துக்காக ஒருத்தன் என்னைச் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல்முறை.

பின்னாலேயே ரூம்மேட் வந்தான். அதே சிப்பாயின் துப்பாக்கி அவன் நெஞ்சுக்கு நேராக உயர்ந்தது. ராணுவ உடையில் புகுந்துவிட்ட எதிரி என்றே முடிவு கட்டிவிட்டான். எனக்கும் அவனுக்கும் ஒரே பனியன்தான். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். நான் மாட்டிக்கொள்வேன் என்று என் பக்கம் திரும்பக்கூட இல்லை, பாவி.

"நோ சார்! இந்தியன் சார்! மை ரூம்மேட், கிச்சன் சார்!" என்று கத்திவிட்டேன்.

துப்பாக்கி இறங்கியது. சிப்பாய் என்னைப் பார்த்து, "யூ? கிச்சன்?" என்றான். தலையாட்டினேன். மடியிலிருந்த முகமூடியை எடுத்துக்கொண்டு வாசலைக் காட்டினான். அவன் முகத்தில் கோபமில்லை, சங்கடம்தான் இருந்தது.

மெஸ் சுவரோரம் இருவரும் குப்புறப் படுத்தோம். எங்கேயோ தூரத்தில் ஒன்று விழுந்து தரை அதிர்ந்தது.

"அறிவு கெட்டவனே, கம்முனு உள்ள கெடக்க வேண்டியதுதானே? ஒருத்தனாச்சும் ஊருக்குப் போயிருப்பம்ல?" என்று திட்டினான்.

"ஒன்னயச் சுட்டிருப்பான்டா."

"சுட்டா சுட்டுட்டுப் போறான்."

அவன் அந்தப் பனியனை அப்புறம் போடவேயில்லை. ஆனால் ஒவ்வொரு சைரனுக்கும், உள்ளேயிருக்கும் என் பனியன் தெரியும்படி கோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முதுகில் கைவைத்து அந்தக் கான்கிரீட் வாசல் பக்கம் தள்ளுவான்.

"ஓடுடா. வாசல்ல ஆளு மாறியிருப்பான். வாயை மட்டும் தொறந்துறாத."

நான் அவன் பின்னாலேயே பள்ளத்துக்கு ஓடுவேன். உள்ளே விழுந்ததும் என்னைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு அழுவான்.